பழைய செயின்சோவும் விறகு வெட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கமும் பழைய செயின்சோ, அதாவது பெற்றோலில் ஓடுகிற சங்கிலி வாள், திருத்திக்கொடுத்து, இடையிடையே விறகும் வெட்டி வருகிறேன். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில், பரணிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் கிடந்த மெசின்களை நிறையப் பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றிலிருந்து கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பிளேட்டு என்று நான் சொல்வது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டை, கடையில் பார் என்று கேட்டாலும் தருவார்கள்.

அண்ணன், அப்பாட செயின்சோ ஒன்று பத்துப் பன்னிரண்டு வருசமாகக் கிடக்குது. திருத்தலாமா, பழைய இரும்புக்குப் போடவா?

இரும்புக்குப் போட வேண்டாம், முதலில் வீட்டிலேயே மூன்று விசயம் பாருங்கள். ஸ்டார்டர் கயிறு இற்றுப்போகாமல் இருந்தால், பிளக்கைக் கழற்றாமல் மெசினைக் கயிற்றின் பிடியில் தூக்கிப் பிடியுங்கள். தன் பாரத்தில் விக்கி விக்கி மெதுவாக இறங்கினால் சிலிண்டரில் அமுக்கம் இருக்கிறது. கிணற்று வாளி மாதிரிச் சர்ரென்று இறங்கினால் ரிங்கோ பிஸ்டனோ தேய்ந்திருக்கிறது. அமுக்கம் பார்க்கும் மீற்றர் இருக்கிற கராஜில் காட்டினால் இன்னும் நல்லது, 150 பீஎஸ்ஐக்குக் கிட்ட இருந்தால் அருமை, 100க்குக் கீழே போனால் வேலைக்கு ஆகாது.

அப்புறம் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பிஸ்டனின் பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று, நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாமல் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பூனை பிறாண்டின மாதிரிக் கோடு இருந்தால் செலவு பெரிது. மூன்றாவது, பிளக்கில் நெருப்பு வருகிறதா என்பது. நெருப்பு வராவிட்டாலும் பயமில்லை, அதைச் சரிப்படுத்தலாம். பிஸ்டன் நல்லதென்றால் மற்றதெல்லாம் ரப்பரும் கம்பியும்தான், இதை நம்பித் திருத்துங்கள்.

பெற்றோலுக்கு எவ்வளவு டூடீ ஒயில் கலக்க வேணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கணக்குச் சொல்றாங்க.

டூடீ என்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோடு கலக்கிற ஒயில். இரண்டு கணக்குமே உண்மையானதுதான், அதனால்தான் குழப்பம். புதிய மெசினுக்கு நல்ல ஒயிலோடு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். பழைய மெசினுக்கு, முக்கியமாக ஸ்டில் 070 மாதிரி நூறு சீசீக்கு மேற்பட்டதுக்கு, சாதாரண டூடீ ஒயில் என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். எந்த ஒயில் என்று தெரியாதபோது நான் 40 தான் ஊற்றுகிறேன். கண் மதிப்பில் ஊற்றாதீர்கள், மருந்துக்கடையில் பெரிய ஊசிக் குழல் ஒன்று வாங்கினால் மில்லிலீற்றர் கணக்குச் சரியாக வரும்.

கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்குக் காவல் என்று நினைத்து நூறு, நூற்றைம்பது ஊற்றுகிறவர்களும் உண்டு. ஒயில் கூடினால் அதே அளவு கலவையில் பெற்றோல் குறைகிறது, பிளக் கரி பிடிக்கிறது, சைலன்சர் வாய் அடைக்கிறது. கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். அந்தந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

போட் எஞ்சின் ஒயில் வீட்டில நிறைய இருக்குது, அதுவும் டூடீதானே? ஊத்தினா என்ன?

வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் கரையோரத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. ஊற்றக் கூடாது. போட் எஞ்சினைத் தண்ணீர் குளிர்விக்கிறது, அதனால் அதன் ஒயில் குறைந்த சூட்டுக்குச் செய்தது. போத்தலில் டீசீ-டபிள்யூ3 என்று இருக்கும். செயின்சோவைக் காற்று மட்டும்தான் குளிர்விக்கிறது, சிலிண்டர் அதைவிட எவ்வளவோ சூடாகும். அந்தச் சூட்டில் போட் ஒயில் படலம் தாங்காமல் பிஸ்டன் உரசத் தொடங்கும். செயின்சோவுக்கு ஜாசோ எஃப்சீ அல்லது எஃப்டீ என்று போட்ட ஒயில் வாங்குங்கள், டூ ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கு விற்பதிலும் இந்தத் தரம் கிடைக்கும்.

மண்ணெண்ணெய் கலக்கலாமா என்றும் போட் வைத்திருக்கிறவர்கள் கேட்பார்கள். அந்த எஞ்சின்கள் அதற்கென்றே செய்தவை. செயின்சோவுக்கு மண்ணெண்ணெய் காபரேட்டரைக் கழுவ மட்டும்தான்.

இழுத்து இழுத்துக் கை நொந்துபோச்சு, ஸ்டார்ட் ஆகுதில்ல.

பத்துத் தரம் இழுத்தும் வராவிட்டால் பதினொராவது தரம் இழுக்காமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெற்றோல் வந்து நிறைந்திருக்கிறது. பிளக்கைத் துடைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே ஐந்தாறு தரம் இழுத்து உள்ளே நிற்பதை வெளியேற்றிவிட்டுத் திரும்பப் போடுங்கள். காய்ந்திருந்தால் பெற்றோலே வரவில்லை, காபரேட்டர் பக்கம் போக வேண்டும். நனைந்தும் இருக்கிறது, நெருப்பும் வருகிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் பழைய பெற்றோலைச் சந்தேகப்படுங்கள். பழைய பெற்றோல் பெயின்ட் மாதிரி மணக்கும்.

பிளக்கின் இடைவெளி 0.5 மில்லிமீற்றர். மோட்டார் சைக்கிளில் இருந்து கழற்றிப் போட்ட பிளக்கோடு மெசின்கள் வருகின்றன. மரை ஒன்றாக இருந்தாலும் நீளம் கூடினால் பிஸ்டன் தலையில் போய் இடிக்கும்.

பிளக் புதுசு போட்டன், ஆனாலும் நெருப்பு இல்ல. கொயில் போயிட்டா?

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் நிறுத்துகிற சுவிட்சின் வயரைக் கழற்றிவிட்டு இழுங்கள். அந்த வயர் எங்கோ தோலுரிந்து மெசினின் உலோக உடம்பில் முட்டிக்கொண்டிருந்தால் மெசின் எப்போதும் நிறுத்தின நிலையில்தான் இருக்கும். பல தடவை இவ்வளவோடு வேலை முடிந்திருக்கிறது.

அப்படியும் இல்லையென்றால் கொயிலுக்கும், ஸ்டார்டருக்குப் பின்னால் சுற்றுகிற காந்தச் சில்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து, காந்தம் கொயிலை இழுத்துப் பிடிக்க விட்டு, ஸ்குரூவை இறுக்கிவிட்டுக் கார்டை உருவினால் அளவு சரி. துருப்பிடித்த காந்த முகத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். எண்பதுகளுக்கு முந்திய மெசின்கள் பலவற்றில் பொயின்ட் இருக்கும், அதாவது திறந்து மூடி நெருப்பு வர வைக்கிற இரண்டு உலோக முகம், அது காந்தச் சில்லுக்கு அடியில் இருக்கும். வருசக்கணக்கில் கிடந்தால் பொயின்டின் முகத்தில் மெல்லிய பாசி மாதிரி ஒன்று படியும். இரண்டு முகத்துக்கும் நடுவில் வெள்ளைக் கடதாசியை விட்டு இழுத்தால் கறுப்புக் கோடு விழும், கோடு விழாமல் வரும்வரை இழுங்கள். திறக்கும் இடைவெளி 0.35 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும்.

ஸ்டார்ட் ஆகுது, நின்ற இடத்தில ஓடுது. அக்சிலேட்டர் பிடிச்சா அமந்துபோகுது.

பெற்றோல் போதாமல் நிற்கிறது. டாங்கிக்குள் குழாயின் நுனியில் தொங்குகிற சிறிய பில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே எடுத்துப் பாருங்கள், பழுப்பு நிறத்தில் கட்டிப்போயிருந்தால் மாற்றுங்கள். அந்தக் குழாயை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் பெற்றோலுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டும்போது சரியாகிவிட்டால் மூடியில் காற்றுப் போகும் துளை அடைத்திருக்கிறது.

இவை எல்லாம் சரியென்றால் காபரேட்டரின் டயப்ரம். நாலு ஸ்குரூவைக் கழற்றினால் ஒரு மெல்லிய தோல் வரும். விரலால் அழுத்தினால் சத்தமில்லாமல் மெத்தென்று அமிழ வேண்டும். காய்ந்த ஆலிலை மாதிரிச் சரசரத்தால் அதன் காலம் முடிந்தது. டயப்ரமும் கஸ்கட்டும் ஊசியும் சேர்ந்த கிட்டாகக் கிடைக்கும், காபரேட்டரின் பக்கத்தில் டிலட்சன், வால்புரோ, சாமா என்று பெயரும் இலக்கமும் பொறித்திருப்பார்கள், அதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கஸ்கட் முதலா டயப்ரம் முதலா என்பது ஒவ்வொன்றிலும் மாறும், கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டத் தடுமாற்றம் இல்லை.

அந்த ரெண்டு ஸ்குரூவையும் எத்தனை சுற்றுத் திறக்க வேணும்?

காபரேட்டரில் எல், எச் என்று போட்ட இரண்டு ஸ்குரூவையும் மெதுவாக, இறுக்காமல், அடிவரை மூடி, அங்கிருந்து ஒவ்வொரு சுற்றுத் திறங்கள். பெரும்பாலான மெசின் அதில் ஸ்டார்ட் ஆகும். எல் என்று போட்டது மெல்ல ஓடும்போது உள்ளது. அக்சிலேட்டரைப் பிடித்ததும் தயங்காமல் ஏறும்வரை அதைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

எச் என்ற முழு வேக ஸ்குரூவில்தான் மெசின்கள் சாகின்றன. அதை மூட மூடச் சத்தம் கூர்மையாகும், வேகம் ஏறும், கேட்க நல்லாயிருக்கும். ஆனால் அப்போது பெற்றோல் குறைகிறது, பெற்றோலோடு ஒயிலும் குறைகிறது, பிஸ்டன் காய்கிறது. முழு வேகத்தில் மரத்தைத் தொடாமல் ஓடும்போது சத்தம் சற்றுக் கரகரவென்று இருக்க வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தக் கரகரப்பு விட்டுத் தெளிவாக வேண்டும். அந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

அக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் குறையாம தானா ஏறுது. கொஞ்ச நேரத்தில இறங்குது, மறுகா ஏறுது. வேலை நடக்குதுதானே, வெட்டலாமா?

உடனே நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது. காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கலாம், அல்லது பிஸ்டன் சுழற்றுகிற அச்சாகிய கிராங்கின் இரண்டு பக்கத்திலும் உள்ள சீல் காய்ந்திருக்கலாம். பழைய மெசினில் சீல் காயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காற்றுக் கூடினால் முன்னே எச் ஸ்குரூவுக்குச் சொன்ன அதே நிலைமை, ஒயில் இல்லாத சூடு. ஸ்குரூவைத் திருப்பி இதைச் சரிக்கட்ட முடியாது. ஒரு டாங்கிப் பெற்றோல் முடிய முன்னம் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

கண்டுபிடிக்க, மெசின் மெல்ல ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றியும் காந்தச் சில்லுக்குப் பின்னாலும் டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேயைச் சற்று அடியுங்கள். சத்தம் மாறுகிற இடத்தில்தான் ஓட்டை. கிளச் பக்கத்துச் சீலுக்குக் கிளச்சைக் கழற்ற வேண்டும், பெரும்பாலானவற்றில் அது இடது மரை, கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். கிராங்க் சுற்றாமலிருக்கப் பிளக் ஓட்டை வழியாக நைலோன் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே விட்டுப் பிஸ்டனை நிறுத்துங்கள், இரும்பு எதையும் விடாதீர்கள். சீல் இரண்டின் விலையையும் சிலிண்டர் செட்டின் விலையையும் ஒரே கடையில் கேட்டுப் பாருங்கள், ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று விளங்கும்.

பிஸ்டன் பிடிச்சுப்போச்சு. மோட்டார் சைக்கிள் மாதிரி போர் அடிச்சு ஓவர்சைஸ் போடலாமா?

முடியாது. செயின்சோ சிலிண்டரின் உள்முகம் பெரும்பாலும் குரோமோ நிக்கலோ பூசின அலுமினியம். பெரிய பிஸ்டனுக்காக உள்ளே அரிந்தால் பூச்சுப் போய்விடும். ஆனால் சிலிண்டரை அவசரப்பட்டு வீசவும் வேண்டாம். பல நேரம் பார்க்கிற கோடுகள் சிலிண்டரின் காயம் இல்லை, பிஸ்டனின் அலுமினியம் உருகி அதில் ஒட்டினது. நுண்ணிய எமரிக் கடதாசியால் பொறுமையாகத் தேய்த்தால் ஒட்டினது போய்ப் பூச்சுப் பளபளப்பாகத் தெரியும், அப்போது புதுப் பிஸ்டனும் ரிங்கும் மட்டும் போதும். பூச்சே உரிந்திருந்தால் செட் மாற்றத்தான் வேண்டும். எதைப் போட்டாலும் முதலில் பிடித்த காரணத்தைக் கண்டுபிடியுங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

மெசின் நல்லா ஓடுது தம்பி, மரத்தில வச்சா வெட்டுதில்ல. எஞ்சினில பவர் இல்லையா?

எஞ்சினில் ஒன்றுமில்லை ஐயா, செயின் மொட்டை. பவர் இல்லை என்று என்னிடம் வருகிற மெசின்களில் பாதிக்கு மேல் நான் எஞ்சினைத் தொடுவதே இல்லை, அரத்தை மட்டும் எடுக்கிறேன். வெட்டும்போது கீழே விழுவதைப் பாருங்கள். தேங்காய்ப்பூத் துருவல் மாதிரிச் சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது, மா மாதிரித் தூளாக விழுந்தால் இல்லை. நீங்கள் மெசினை மரத்தில் அமுக்க வேண்டியிருந்தால் அதுவும் மொட்டைதான். கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும், நாம் பிடித்துக்கொண்டால் போதும்.

வட்ட அரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 070 மாதிரிப் பெரியதில் ஓடும் .404 செயினுக்கு 5.5 மில்லிமீற்றர், எட்டில் மூன்று (3/8) அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5, .325க்கு 4.8. பிளேட்டை ஒரு மரக்குற்றியில் இறுக்கி, பல்லின் மேல்முகத்தில் உள்ள கோட்டுக்கு ஒப்பாக, ஏறக்குறைய 30 பாகையில் அரத்தைப் பிடித்து, உள்ளேயிருந்து வெளியே ஒரு திசையில் மட்டும் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. மூன்று தள்ளு, நாலு தள்ளு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. கூர் வந்ததா என்று விரலால் பார்க்காதீர்கள், வெளிச்சத்தில் பிடியுங்கள். மொட்டையான விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும், கூரான விளிம்பு மின்னாது. பெற்றோல் ஊற்றும் ஒவ்வொரு தடவையும் இரண்டு தள்ளுத் தள்ளினால் எப்போதும் பெரிய வேலை வராது.

பல்லுக்கு முன்னால் ஒரு சிறிய திமில் இருக்கும், பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அது பல்லின் நுனியைவிட 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். பல்லைத் தீட்டத் தீட்ட நுனி தாழும், ஆகவே நாலைந்து தீட்டலுக்கு ஒரு தடவை தட்டை அரத்தால் திமிலையும் சற்றுக் குறையுங்கள். வேகமாக வெட்டட்டும் என்று அதிகம் குறைத்தால் செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், மெசின் கையில் துள்ளும்.

வெட்டு நேரா போகாம ஒரு பக்கமா வளையுது.

ஒரு பக்கத்துப் பற்கள் மறுபக்கத்தைவிடக் கட்டையாகிவிட்டன. வலக்கைக்காரர் தீட்டினால் ஒரு பக்கம் நன்றாகத் தள்ளுப்படும், மறுபக்கம் அவ்வளவு வராது, யாருக்கும் நடக்கிறதுதான். ஆகச் சிறிய பல் எதுவோ அந்த நீளத்துக்கு மற்ற எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். அப்படியும் வளைந்தால் பிளேட்டின் இரண்டு தண்டவாளமும் ஒரே உயரமா என்று தட்டை இரும்பை வைத்துப் பாருங்கள், விளிம்பில் மீசை மாதிரி இரும்பு வெளியே தள்ளியிருந்தால் அதை அரத்தால் எடுங்கள். பிளேட்டை வாரம் ஒரு தடவை மேல்பக்கம் கீழாகப் புரட்டிப் போட்டால் ஒரு பக்கமே தேயாது.

செயின் வாங்கப் போனா கடையில என்ன பிட்ச், எத்தின லிங்க் எண்டு கேக்கிறாங்க, எனக்கொண்டும் விளங்கல்ல.

மூன்று சொல்லப் போதும். அடுத்தடுத்துள்ள மூன்று ரிவெட்டில் முதலாவதின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரை அளந்து இரண்டால் பிரித்தால் பிட்ச். பிரிக்காமலே சொன்னால், அந்த அளவு 20.5 மில்லிமீற்றர் என்றால் .404, 19 என்றால் எட்டில் மூன்று (3/8), 16.5 என்றால் .325. இரண்டாவது, பிளேட்டின் பள்ளத்துக்குள் ஓடுகிற லிங்கின் தடிப்பு: பெரும்பாலும் 1.3, 1.5, 1.6 மில்லிமீற்றர் இவற்றில் ஒன்று. மூன்றாவது, அந்த உள் லிங்குகள் மொத்தம் எத்தனை என்று எண்ணுங்கள். பழைய செயினைக் கையோடு கொண்டு போனால் எல்லாம் சுலபம். புதுச் செயினைத் தேய்ந்த பல்லுச் சில்லில் போட்டால் சீக்கிரம் பழுதாகும், கிளச் டிரம்மின் பல்லில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

செயினுக்கு லொறியில இருந்து இறக்கின பழைய எஞ்சின் ஒயில் ஊத்தலாம்தானே, சும்மா கிடைக்குதே?

வேண்டாம். அதில் இரும்புத் தூள் இருக்கிறது, பிளேட்டையும் ஒயில் பம்பையும் அரைத்துவிடும். அதைவிட, வெட்டும்போது அது சாரலாக உங்கள் முகத்திலும் கையிலும்தான் விழுகிறது, தோலுக்குக் கூடாது. புதிய எஸ்ஏஈ 40 எஞ்சின் ஒயில் போதும். ஒயில் வருகிறதா என்று பார்க்க, ஓடும் மெசினின் நுனியை ஒரு வெள்ளைக் கட்டைக்கு மேல் தொடாமல் பிடியுங்கள், ஒயில் புள்ளிகள் கோடாக விழ வேண்டும். விழாவிட்டால் பிளேட்டில் உள்ள சிறு துளையைக் கம்பியால் குத்துங்கள், மரத்தூள் அடைத்திருக்கும். மிகப் பழையவற்றில் கட்டைவிரலால் அமுக்கும் பம்பு இருக்கும், ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று தடவை அமுக்க மறக்க வேண்டாம்.

பழைய மெசினில முன்பக்கம் பிரேக் இல்ல. பாவிக்கிறது ஆபத்தா?

ஆபத்துத்தான், மறைக்க ஒன்றுமில்லை. செயின் பிரேக் எழுபதுகளில்தான் பரவலாக வந்தது, அதற்கு முந்தியவற்றில் இல்லை. பிளேட்டு நுனியின் மேற்பாதி எதையாவது தொட்டால் மெசின் கண் மூடித் திறக்க முன்னம் மேலே எகிறி முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். விறகு வெட்டும்போது இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் வெட்டுகிற கட்டைக்குப் பின்னால் இன்னொரு கட்டை மறைந்து கிடக்கும், நுனி போய் அதில் படும். ஆகவே குவியலுக்குள் வைத்து வெட்டாதீர்கள், ஒவ்வொரு கட்டையாக வெளியே எடுத்து வெட்டுங்கள். இடது கட்டைவிரல் பிடிக்குக் கீழால் சுற்றிப் பூட்டியிருக்கட்டும், தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தலை பிளேட்டுக்கு நேராக வரக் கூடாது. பிரேக் உள்ள மெசின் கிடைத்தால் விறகுக்கு அதையே பாவியுங்கள், 070 மாதிரிப் பத்துக் கிலோவுக்கு மேற்பட்டதைப் பெரிய அடிமரத்துக்கு மட்டும் எடுங்கள்.

சாரனும் செருப்புமாக வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தடித்த டெனிம், பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு அடைப்பான், இது குறைந்தபட்சம். டெனிம் செயினை நிறுத்தாது, அதற்கென்று செய்த காற்சட்டை நிறுத்தும், வாங்க வசதியிருந்தால் மெசினுக்கு முதல் அதை வாங்குங்கள்.

வெட்டிக்கொண்டு போகேக்க பாதியில பிளேட்டு இறுகிப் பிடிக்குது.

கட்டை எந்தப் பக்கம் தாங்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடு அந்தரத்தில் இருந்தால் மேல்பக்கம் நெருக்குப்படும், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டி மீதியைக் கீழிருந்து மேலாக வெட்டுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மற்றது தொங்கினால் எதிர்மாறு. நிலத்தில் படுத்திருக்கும் அடிமரத்தில் வெட்டின வாயில் ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டுத் தொடருங்கள். நிலத்தைத் தொட விட வேண்டாம், நம் கரையோர மணலில் ஒரு தடவை பட்டாலே தீட்டினது எல்லாம் போச்சு. முக்கால்வாசி வெட்டி, கட்டையை உருட்டி, மறுபக்கத்தால் முடியுங்கள்.

காக்கா, எந்த மரம் விறகுக்கு நல்லம்? எல்லாம் ஒண்டுதானே?

ஒன்றில்லை. புளி, வேம்பு, வாகை, மரமுந்திரிகை எல்லாம் வீட்டு அடுப்புக்கு நல்லது. புளி நின்று எரியும், தணலும் நிற்கும், ஆனால் செயினுக்குக் கஷ்டம். பாலை தண்ணீரில் போட்டால் அமிழ்கிற அளவு பாரம், பச்சையாக இருக்கும்போதே வெட்டித் துண்டாக்க வேண்டும், காய்ந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அரம் தேவைப்படும். கிளிசெறியாவை வேலி மரம் என்று யாரும் மதிப்பதில்லை, ஆனால் வளவு வைத்திருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அரசு நாலாவது பெருந்தோட்டப் பயிராகவே அறிவித்த மரம், வெட்ட வெட்டத் தழைக்கும், செயினைத் தின்னாது. தென்னங்குற்றி புகையும், வெளித்தோல் வைரமாக இருந்து செயினையும் மொட்டையாக்கும். முருங்கையும் இலவமும் பஞ்சு மாதிரி எரிந்து முடியும்.

வாவிக்கரையில் நிற்கும் தில்லை மரத்தைத் தொடவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மறையும், தோலில் கொப்புளம் வரும், செயின் சுற்றும்போது அந்தப் பால் சாரலாகத் தெறிக்கும். எரித்தால் புகையும் கண்ணை வாட்டும். உப்புத் தண்ணீர்க் கரையில் வளரும் கண்டல் மரம் எதிலும் கை வைக்காதீர்கள், மீனும் இறாலும் குஞ்சு வளர்ப்பது அங்கேதான்.

புதுச் செயின், ஒரே வெட்டில பல் எல்லாம் போச்சு. மரத்துக்குள்ள என்ன இருந்திருக்கும்?

வேலியோர மரம் என்றால் ஆணியும் முள்ளுக்கம்பியும். கம்பியை மரம் விழுங்கி அதற்கு மேல் பட்டை மூடிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு. யுத்த காலத்தில் நின்ற பெரிய மரங்களுக்குள் ஷெல் துண்டும் தோட்டாவும் இன்னும் இருக்கின்றன. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வந்த ஒரு வேப்பங்குற்றியை வெட்டினபோது ஒரு கீச்சுச் சத்தம், நெருப்புப் பொறி, நிறுத்திப் பார்த்தால் மரத்துக்குள் விரல் நீளத்தில் கறுத்த இரும்பு, அதைச் சுற்றிச் சாணளவுக்கு மரம் நீலக் கறுப்பாக மாறியிருந்தது. அந்த நிறத்தைத்தான் இப்போது தேடுகிறேன். குற்றியின் வெட்டு முகத்தில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது, அந்த அடியை விட்டுத்தள்ளி வெட்டுங்கள். பட்டையில் பழைய தழும்பு, வீக்கம் இருந்தாலும் அப்படித்தான். மரத்தடியிலோ மண்ணிலோ வெடிக்காத பொருள் எதையாவது கண்டால் தொடாமல் விலகி வந்து பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

பல் போன செயினை உடனே வீச வேண்டாம். உடைந்த இடம் முழுக்க மறையும்வரை எல்லாப் பல்லையும் தீட்டினால் பெரும்பாலும் மீளும்.

தம்பி, வெட்டின விறகு எப்ப அடுப்புக்கு எடுக்கலாம்? போன முறை புகையில கண் தெரியல்ல.

அம்மா, நீங்கள் எரித்தது தண்ணீர். பச்சை மரத்தின் பாரத்தில் பாதியளவு தண்ணீராகவே இருக்கும், அது இருபது வீதத்துக்குக் கீழே வந்தால்தான் புகையாமல் எரியும். நம் ஊரில் மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் என்கிற காய்ந்த தென்மேற்குக் காற்று வீசும்போது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், ஆனால் பிளந்து வைத்திருக்க வேண்டும். உருண்டையாக வைத்தால் பட்டை ஈரத்தை விடாது. ஒன்றரை அடித் துண்டாக அரிந்து, கோடாலியால் கொத்தி, நிலத்தில் இரண்டு தடி போட்டு அதற்கு மேல், காற்று நுழைய இடம் விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கங்களைப் பொலித்தீனால் மூட வேண்டாம். மாரி விறகை ஐப்பசிக்கு முன்னம் உள்ளே எடுத்துவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்றால் காய்ந்தது, தொப்பென்றால் இல்லை.

எங்கட வளவு, எங்கட மரம். வெட்ட யாரிட்ட கேக்கிறது?

பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் உள்ளது. கிராம சேவகரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற மரம் என்றாலும் குற்றிகளை ட்ரக்டரில் ஏற்றி வீதியால் கொண்டு போக முன்னம் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மரத்தின் இனத்தைப் பொறுத்துப் போக்குவரத்து அனுமதி தேவைப்படும். காட்டுக்குள் விழுந்து கிடக்கிறது என்பதற்காகப் பாலையோ முதிரையோ எடுக்க முடியாது.

மெசினுக்கே பேப்பர் வேணுமாமே, மாமா தந்ததுக்கு ஒண்டும் இல்ல.

2019 தொடக்கத்தில் நாடு முழுவதும் பொலிஸ் நிலையங்களில் செயின்சோ பதியச் சொன்னார்கள். மாமா பதிந்திருந்தால் அந்தக் கடதாசியைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் மெசினை வேலைக்குக் கொண்டு போக முன்னம் அதன் உடம்பில் உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் பொலிஸ் நிலையத்தில் போய் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இலக்கம் சுரண்டின மெசினை மலிவு என்று வாங்காதீர்கள், நான் திருத்தவும் எடுப்பதில்லை.

வெள்ளத்தில மெசின் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள கிடந்திச்சு. இழுத்துப் பாத்தன், கயிறு இறுகி நிக்குது. முடிஞ்சுதா?

இனி இழுக்க வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, தண்ணீர் அமுங்காது, பலம் பிடித்து இழுத்தால் உள்ளே தண்டு வளையும். பிளக்கைக் கழற்றி, மெசினைக் கவிழ்த்து, மெதுவாக இழுங்கள், தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும். டாங்கி இரண்டையும் வெறுமையாக்கி, காபரேட்டரையும் காற்றுப் பில்டரையும் கழற்றிவிடுங்கள்.

வாவித் தண்ணீர் ஏறின வெள்ளம் என்றால் இதில் ஒரு படி கூடுதல். செயின்சோவின் உடம்பு பெரும்பாலும் மக்னீசியம், உப்புத் தண்ணீர் அதைச் சில நாளிலேயே வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும், ஆகவே காய வைப்பதற்கு முன் நல்ல கிணற்றுத் தண்ணீரால் உள்ளும் புறமும் அலசுங்கள். அப்புறம் பிளக் ஓட்டை வழியாக ஒயில் கலந்த பெற்றோலைக் கால் கப் ஊற்றி, கவிழ்த்து, இழுத்து வெளியேற்றுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். கடைசியாக வருவதை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள், அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால் நாலாவது தடவை. பிரியாமல் இருந்தால் காபரேட்டருக்குப் புதுக் கிட் போட்டு, கொயிலை வெயிலில் ஒரு நாள் காய வைத்து, பிறகு பிளக்கைப் பூட்டி இழுங்கள்.